கருவாடும் துருப்பிடிக்குமா, சார்?

பழவேற்காடு ஏரியோரக் குப்பம் ஒன்றில் உள்ள பள்ளியில் நான் அறிவியல் கற்பிக்கிறேன். ஆக்சிஜனேற்றம் பற்றி நடத்தும்போதெல்லாம் துருப்பிடித்த ஆணியைத்தான் காட்டுவேன். ஒருநாள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “சார், பழைய மத்திக் கருவாடும் மஞ்சளாகிச் சிக்கு வாடை அடிக்குதே, அதுவும் துருவா?”

“துருப்பிடிப்பது இரும்பு மட்டும்தான். ஆனால் இரண்டிலும் வேலை செய்வது ஒரே ஆக்சிஜன்தான்” என்றேன். பாடத்தை அவள் கேள்வியிலிருந்தே மறுபடி தொடங்கினேன்.

உப்பும் வெயிலும் மீனின் ஈரத்தைக் குறைத்துப் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும், ஆக்சிஜனைத் தடுக்காது. மத்தியில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் அதிகம். அவற்றில் இரட்டைப் பிணைப்பை ஒட்டிய ஹைட்ரஜன் எளிதில் பிரிந்துவிடும். அதை இழந்த மூலக்கூறு ‘தனி உறுப்பு’ ஆகிறது. அது ஆக்சிஜனோடு சேர்ந்து, பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பறிக்கிறது. இப்படியே சங்கிலியாகத் தொடர்கிறது.

இதை நடித்துக் காட்டினோம். பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். கையில் ஆளுக்கொரு சாக்பீஸ். முதல் மாணவனின் சாக்பீஸை நான் வாங்கிக்கொண்டேன். அவன் அடுத்தவனுடையதைப் பறிக்க, அவன் அதற்கடுத்தவனிடம் பறிக்க, வகுப்பு கலகலத்தது. இரண்டாம் முறை, வரிசையின் நடுவில் இரண்டு சாக்பீஸுடன் ஒரு மாணவியை நிறுத்தினேன். அவள் ஒன்றைத் தானாகவே கொடுத்தாள், பறிப்பு நின்றது. அவள்தான் வைட்டமின் ஈ, அதாவது ஆக்சிஜனேற்றத் தடுப்பான்.

உயிருள்ள உடலிலும் தனி உறுப்புகள் உருவாகின்றன. தடுப்பான்கள் சமாளிக்க முடியாத அளவுக்கு அவை பெருகும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். கறிக்கோழி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 40 கிராம் குஞ்சு ஐந்தாறு வாரங்களில் 2 கிலோ அளவுக்கு வளர்கிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வெயிலில் வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். வெப்பம் கூடும்போது தனி உறுப்புகளும் கூடும். அதனால்தான் கோழித்தீவனத்தில் வைட்டமின் ஈ, செலினியம் சேர்க்கிறார்கள். 1922இல் எவன்ஸ், பிஷப் இருவரும் எலிகளில் ஆய்வு செய்து வைட்டமின் ஈயைக் கண்டறிந்தனர். வைட்டமின் ஈ குறைந்த குஞ்சுகளுக்கு மூளை பாதித்துத் தலை திருகும் நோயை 1931இல் பாப்பன்ஹைமரும் கெட்சும் விவரித்தனர். சிக்குப் பிடித்த கொழுப்பு, தீவனத்திலுள்ள வைட்டமின் ஈயை அழித்துவிடும்.

இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். மறுவாரம் அதே மாணவி அழுதபடி வந்தாள். வீட்டில் வாங்கிய 20 கறிக்கோழிக் குஞ்சுகளில் ஆறு, தலை திருகிச் செத்துவிட்டன. தீவனம், நொய்யோடு பழைய கருவாட்டுத் தூள். “கருவாடுதான் காரணம்” என்று அங்கேயே சொல்லிவிட்டேன். மாலையில் அவள் அம்மா வந்து, “ஒரு மூட்டைக் கருவாட்டையும் கொட்டிட்டோம் சார்” என்றார்.

மறுநாள் அவர்களோடு கால்நடை மருந்தகம் சென்றேன். மருத்துவர் முதலில் கேட்டது, “தடுப்பூசி போட்டீங்களா?” போடவில்லை. செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தவர், இரைப்பையிலிருந்த ரத்தக்கசிவைக் காட்டி, “வெள்ளைக்கழிச்சல் மாதிரி தெரியுது. இதிலும் கழுத்து திருகும்” என்றார். அந்தக் குடும்பத்துக்கு ஒரு மூட்டைக் கருவாடு என்பது சிறிய இழப்பல்ல. வீட்டுக்குப் போய், “அவசரப்பட்டுச் சொல்லிட்டேன் அம்மா” என்றேன். வகுப்பிலும் அதையே சொன்னேன்.

அன்று கரும்பலகையில் எழுதியது: ‘ஒரே அறிகுறி, இரண்டு காரணங்கள். எது என்று அறிய என்ன சான்று வேண்டும்?’ தடுப்பூசி போட்டதா, என்ன தீவனம், எத்தனை நாள் குஞ்சு, அக்கம்பக்கத்துக் கோழிகளும் சாகின்றனவா என்று மாணவர்களே கேள்விகளை அடுக்கினார்கள். சிக்குப் பிடித்த கருவாடு நல்ல தீவனம் அல்ல என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குஞ்சுகளைக் கொன்றது அதுதான் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை.

வகுப்பில் செய்து பார்க்க

ஒரே நாளில் உலர்ந்த மத்திக் கருவாட்டை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றைத் திறந்த தட்டில் வெளிச்சத்திலும், மற்றொன்றைக் காற்றுப் புகாத டப்பாவில் இருட்டிலும் வையுங்கள். வாரம் ஒருமுறை, நான்கு வாரங்களுக்கு நிறத்தையும் வாடையையும் குறிக்கச் சொல்லுங்கள். சுவைத்துப் பார்க்கக் கூடாது. தொடக்க வகுப்புகளுக்கு ‘என்ன மாறியது?’ என்ற கேள்வி போதும். உயர்நிலை வகுப்பில், ‘காற்று, வெளிச்சம் இரண்டையும் சேர்த்து மாற்றினோமே, எது காரணம் என்று எப்படிச் சொல்வது?’ என்று கேளுங்கள். மூன்றாவது டப்பா வேண்டும் என்று ஒரு மாணவர் சொன்னால், பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

என் வகுப்பில் அதை முதலில் சொன்னது அந்த மாணவிதான்.