அறுந்த செப்புவழியை இணைத்தல்

கைத்தொலைபேசியைத் திறந்து நோக்குவார் பலகையிலே கம்பிகளைக் காணார். கம்பிகளின் தொழிலைச் செய்வன, அப்பலகையிற் படிந்த மெல்லிய செப்புவழிகளே. அவற்றுட் பல, மில்லிமீற்றரில் இருபதிலொரு பங்களவே அகலமுடையன. அவற்றுள் ஒன்று அறுமாயினும் கருவி முழுவதும் பயனற்றுப் போகலாம். புதியதொன்று வாங்கலாமே எனின், பழையதிலுள்ள படங்களும் எழுத்துக்களும் என்னாவது? ஐபோன் வகைகளில் நினைவகத்துள் இருப்பவற்றின் மறைகுறித் திறவுகோல் செயலியோடு பிணைந்துள்ளது. நினைவகத்தை மாத்திரம் கழற்றி வேறு பலகையிற் பொருத்தினால் ஒன்றும் வாசிக்க இயலாது. ஆகவே பழைய பலகையே மீண்டும் இயங்குதல் வேண்டும்.

2014 ஆம் ஆண்டு வெளிவந்த ஐபோன் 6 பிளஸ் இதற்குத் தக்க உதாரணம். கருவி சிறிது சிறிதாக வளைய, தொடுதிரையை ஆளும் சிப்புக்களின் கீழுள்ள பற்றாசு உருண்டைகள் விரிசல் கண்டன. திரையின் மேற்புறத்திற் சாம்பல்நிறப் பட்டையொன்று துடிக்கும். பின்னர் திரை தொடுகையை ஏற்காது. அப்பிள் நிறுவனம் 2016 நவம்பரில் இதற்கெனப் பழுதுபார்ப்புத் திட்டமொன்றை அறிவித்தது. சில பலகைகளில், மெசன் என்னும் சிப்பின் கீழ் எம்1 எனக் குறிக்கப்படும் இணைப்பிடமே வழியினின்று கிழிந்திருந்தது. அங்கே புதுச் சிப்பை இட்டும் பயனில்லை.

ஆதலின் சூடாக்குமுன் அளத்தல் வேண்டும். மின்கலத்தைக் கழற்றியபின், பன்மானியை இருவாயி நிலையில் வைத்துச் சிவப்பு முனையைப் புவித்தொடுப்பிலும் கறுப்பு முனையை ஐயத்துக்குரிய இடத்திலும் தொடுக. பழுதற்ற பலகையில் அதேயிடம் ஓர் அளவைக் காட்ட, இங்கே எல்லை கடந்ததெனக் காட்டின், அவ்வழி அறுந்ததென்க.

இனி, அவ்வழி சென்றடையும் வேறோர் இடத்திற் காப்புப் பூச்சைச் சுரண்டிச் செம்பை வெளிப்படுத்திப் பற்றாசு பூசுக. 0.02 மில்லிமீற்றர் விட்டமுள்ள எனாமல் பூசிய செப்புக்கம்பியை இரு முனைகளிலும் பற்றவைக்க. நுணுக்குக்காட்டியின்றி இதற்குத் துணிவது வீண். மாணவர் முதலிற் கழித்த பலகைகளிற் பழகுக.

இக்கம்பி எவ்வழிக்கும் ஏற்குமோ? கணக்கிட்டுப் பார்ப்போம். 10 மில்லிமீற்றர் நீளமுள்ள அதன் தடை ஏறத்தாழ 0.5 ஓம். தொடுதிரையின் குறிப்பலைகளுக்கு இது பொருட்டன்று. மின்கலத்திலிருந்து 2 அம்பியர் ஓடும் வழியிலோ 1 வோல்ற்று அங்கேயே இழக்கப்படும். 2 உவாற்று வெப்பமாகி, மயிரினும் மெல்லிய அக்கம்பியே எரிந்துபோகும். அத்தகைய வழிக்குப் பருத்த கம்பி வேண்டும். வானொலியலை செல்லும் வழிகளிலோ பருமன் மாத்திரம் போதாது; புவித்தொடுப்பிலிருந்து கம்பி நிற்கும் தூரமும் அலையைப் பாதிக்கும். அங்கே இம்முறையை நாம் விதந்துரையோம்.

இணைத்தபின் மீண்டும் அளந்து, சரியெனக் கண்டால், ஊதாக்கடந்த ஒளியில் இறுகும் காப்புப் பூச்சினாற் கம்பியை மூடுக. வளைவு மாத்திரம் எஞ்சியிருக்கும். சட்டகத்தை நேராக்காது பலகையைப் பொருத்தினால் கம்பியும் ஒருநாள் அறும். பின்வந்த ஐபோன் 6எஸ் வகையில் அச்சிப்புக்களைப் பலகையினின்று நீக்கித் திரைப்பகுதிக்கே மாற்றிவிட்டனர்.