எச்டிஆர் படத்தில் நிறம் பிசகாமலிருக்க

பல எக்ஸ்போஷர்களை இணைத்த படத்தில் வெள்ளைச் சுவர் மஞ்சளாகத் தெரிகிறதா? முதலில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அணையுங்கள். அது ஷாட்டுக்கு ஷாட் மாறக்கூடியது. எல்லாவற்றுக்கும் ஒரே கெல்வின் அளவை வைத்து, ரா ஃபைலாக எடுங்கள். ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுங்கள். அப்பர்ச்சரைத் தொட வேண்டாம். ஒரு ஷாட்டில் 18 சதவீதச் சாம்பல் அட்டை இருந்தால் பிறகு திருத்துவது எளிது.

மிக இருண்ட ஷாட்டிலும் ஹிஸ்டோகிராமின் சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால், இன்னும் ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். பலர் இதைப் பார்ப்பதே இல்லை; பட்டுச்சேலையின் சிவப்பு கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

டோன் மேப்பிங்கில் கான்ட்ராஸ்டை ஏற்றினால் நிறச்செறிவும் ஏறும், அந்தச் செறிவைச் சற்று இறக்குங்கள். இரு வகை வெளிச்சம் கலந்தாலும் நிறம் பிசகும்: ஜன்னலின் பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 2700. இரண்டையும் ஒரே ஒயிட் பேலன்ஸ் சமாளிக்காது. பல்பை அணைத்துவிடுங்கள்.