பறக்கும் பாய்ப்படகு

கேள்வி: பிரெஞ்சுப் பந்தயப் படகு ஒன்று கடல்மட்டத்துக்கு மேலே பறப்பதைக் காணொளியில் பார்த்தேன். என்ஜின் இல்லாமல் எப்படி எழும்புகிறது?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: மூன்று உடல் கொண்ட 'டிரைமரான்' வகையைப் பார்த்திருப்பீர்கள். இவற்றில் புகழ்பெற்றது 'மாக்ஸி எட்மண்ட் டி ரோத்ஸ்சைல்ட்'. குய்யோம் வெர்டியே வடிவமைத்தது. 2017-ல் கடலில் இறங்கியது. நீளம் 32 மீட்டர், அகலம் 23 மீட்டர். ஒரு டென்னிஸ் ஆடுகளத்தைவிடப் பெரியது!

படகைத் தூக்குவது காற்றல்ல, தண்ணீர். பாய் தருவது முன்னே செல்லும் வேகம் மட்டும்தான். நீருக்குள் வளைந்து நிற்கும் 'ஃபாயில்' என்ற கார்பன் இறக்கை, விமான இறக்கையின் வேலையை நீரில் செய்கிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதனால் சிறு இறக்கையே பல டன்னைத் தூக்கிவிடும். உடல் நீரைவிட்டு எழுந்ததும் இழுவை சட்டென்று குறைந்து, வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

தூக்குவது எளிது, தாங்குவதுதான் கடினம் என்பேன். கார்பன் இழையைப் பிசினோடு அடுக்கடுக்காக வைத்து, சூட்டில் இறுக்கிப் படகைச் செய்கிறார்கள். எடை குறையும், உறுதி கிடைக்கும். ஆனால் அலையின் அடி மொத்தமும் சில இடங்களில்தான் விழும். 2018 ரூட் டு ரும் பந்தயத்தில் இதே படகின் பக்கவாட்டு மிதவை ஒன்றின் முன்பகுதி உடைந்து போனது.

வேகத்துக்கும் எல்லை உண்டு. சுமார் 50 நாட் (மணிக்கு 50 கடல்மைல்) வேகத்தில் இறக்கையின் மேற்புற அழுத்தம் வெகுவாகக் குறைந்து, குளிர்ந்த நீரே ஆவிக்குமிழியாகும்; தூக்குவிசை தடுமாறும்.

மிதவை உடைந்த அதே படகில்தான் ஷார்ல் கோத்ரெலியே என்ற மாலுமி, 2024-ல் தன்னந்தனியாக 51 நாளுக்குள் உலகைச் சுற்றி வந்து பந்தயத்தில் வென்றார்.