பாறுக் கழுகும் மாட்டு ஊசியும்

1883-ல் எட்டுப் பேர் சேர்ந்து தொடங்கியது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். பறவை அறிஞர் சாலிம் அலி வளர்த்த சங்கம். 1990-களில் பரத்பூரில் பாறுக் கழுகுகள் குறைந்துபோனதைக் கணக்கெடுத்துச் சொன்னது இக்கழகமே.

காரணம் 2004-ல் வெளியானது: மாட்டுக்கு வலி தீரப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்ட ஒன்றிரண்டு நாளில் மாடு செத்தால் மருந்து உடம்பிலேயே தங்கும். அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டு உயிர் போகும்.

2006-ல் அரசு இம்மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தது. தமிழ்நாட்டில் இன்று பாறுகள் மாயாற்றுப் பக்கம்தான் மிச்சம்.

நம்ம சேலம், நாமக்கல் கிராமங்களில் மாடில்லாத வீடு குறைவு. எங்க வீட்டில் மருந்துப் புட்டியைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். "மெலாக்சிகாம் போடுங்க சார்" என்று நான்தான் கேட்கணும். நீங்களும் கேளுங்கள்!