மாலத்தீவு போறீங்களா? விசாவுக்குக் காசு வேண்டாம், கணக்கு மட்டும் முன்கூட்டியே போடுங்க

மாலத்தீவு என்றாலே சினிமா நட்சத்திரங்களும் கோடீஸ்வரர்களும் போகிற இடம் என்று பலர் நினைக்கிறோம். ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட் என்ற முறையில்தான் அங்கே சுற்றுலா வளர்ந்தது. 2009-க்குப் பிறகு மக்கள் வசிக்கும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அனுமதி கிடைத்தது. அதன் பிறகு நடுத்தரக் குடும்பங்களும் துணிந்து போகக்கூடிய நாடாக அது மாறியது.

ஆனால் இரண்டு இடங்களில் நம்மவர்கள் பணத்தை இழக்கிறார்கள். ஒன்று, இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு கட்டுவது. இன்னொன்று, அறை வாடகையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது. இரண்டையும் தவிர்ப்பது எப்படி என்று இந்த இதழில் பார்ப்போம்.

முதலில் பாஸ்போர்ட்

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் எம்பாஸ்போர்ட் சேவா செயலி மூலம் போன்லயே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டின் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கலில் கேட்டால் கூடுதலாக 2,000 ரூபாய். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள். திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் மிச்சம் இருந்தால் விமான நிலையத்தில் கேள்வி வராது.

விசா: இலவசம், அங்கே போனதும் கிடைக்கும்

இந்தியச் சுற்றுலாப் பயணிக்கு மாலத்தீவில் இறங்கியதும் விசா இலவசமாகத் தரப்படுகிறது. இதற்கு முன்கூட்டி விண்ணப்பிக்கத் தேவையில்லை. குடியேற்ற அதிகாரி கேட்டால் காட்ட இவை கையில் இருக்க வேண்டும்:

• பாஸ்போர்ட்
• திரும்பி வருவதற்கான விமான டிக்கெட்
• தங்குமிடத்தை முன்பதிவு செய்ததற்கான சான்று
• செலவுக்குப் போதுமான பணம் அல்லது வெளிநாட்டில் செல்லும் வங்கி அட்டை

இவற்றோடு 'இமுகா' என்ற பயணி அறிவிப்புப் படிவத்தையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். விமானம் புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்புவது விதி. அதற்கு முன்னால் முயன்றால் ஏற்காது. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிரப்புங்கள். நாடு திரும்பும்போதும் இன்னொரு முறை நிரப்ப வேண்டும். நிரப்பியதும் வரும் கியூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால், இறங்கிய இடத்தில் நெட் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை.

இங்கேதான் கவனம்: இமுகாவுக்குக் கட்டணம் ஒரு பைசாகூடக் கிடையாது. ஆனால் தேடுபொறியில் தேடினால், அரசுத் தளம் போலவே தோற்றம் கொடுத்து 'சர்வீஸ் சார்ஜ்' கேட்கும் தனியார் தளங்களும் வரும். இணைய முகவரி 'ஜிஓவி டாட் எம்வி' என்று முடிகிறதா பாருங்கள். அதுதான் மாலத்தீவு அரசின் முகவரி. பணம் கேட்கும் பக்கம் வந்தால் அப்படியே மூடிவிடுங்கள்.

ரிசார்ட் தீவா, ஊர் இருக்கும் தீவா?

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள் உண்டு. அவற்றில் மக்கள் வசிப்பவை இருநூறுக்கும் குறைவு. நீங்கள் பதிவு செய்திருப்பது எந்த வகைத் தீவு என்பதைப் பொறுத்துச் செலவும் மாறும், நடைமுறையும் மாறும்.

ரிசார்ட் தீவில் சாப்பாடு முதல் படகு வரை எல்லாம் அந்த ரிசார்ட்தான். பக்கத்துக் கடைக்குப் போய் வாங்கலாம் என்ற பேச்சே இல்லை. மாஃபுஷி போன்ற ஊர்த் தீவுகளில் கடை, உணவகம், பள்ளிவாசல், பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கும். செலவு குறைவு. அதேசமயம் அது ஓர் இஸ்லாமிய சமூகத்தின் ஊர். தெருவில் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துங்கள். நீச்சல் உடைக்கென்று ஒதுக்கிய கடற்கரை தனியாக இருக்கும். ஊர்த் தீவுகளில் மது கிடையாது.

கணக்கு: 240 டாலர் 531 டாலர் ஆவது எப்படி?

கணவன், மனைவி, பத்து வயதுக் குழந்தை. ஊர்த் தீவில் ஒரு சிறிய கெஸ்ட் ஹவுஸில் நான்கு இரவு. வாடகை இரவுக்கு 60 டாலர் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 240 டாலர்தானே என்று தோன்றும். மீதியையும் சேர்த்துப் பாருங்க:

• வாடகை: 60 × 4 = 240 டாலர்
• சேவைக் கட்டணம் 10 சதவீதம்: 24 டாலர்
• சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம், சேவைக் கட்டணத்தையும் சேர்த்து 264 டாலருக்கு: 44.88 டாலர்
• பசுமை வரி, ஆளுக்கு நாளொன்றுக்கு 6 டாலர்: 6 × 3 × 4 = 72 டாலர்
• விரைவுப் படகு, ஒரு வழிக்கு ஆளுக்கு 25 டாலர் என்று கொண்டால்: 25 × 3 × 2 = 150 டாலர்

மொத்தம் 530.88 டாலர். சாப்பாடு இன்னும் சேரவில்லை. பசுமை வரி ரிசார்ட்டில் நாளொன்றுக்கு 12 டாலர். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அந்த வரி இல்லை. ஆகவே பதிவு செய்யும் முன் ஒரே கேள்வி கேளுங்க: "வரியும் படகும் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

படகில் இன்னும் இரண்டு விஷயம். அரசுப் படகுகளில் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் ஓடாது. கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் தாமதமாக இறங்கினால், தொலைவுத் தீவுக்குப் போக வேண்டியவர்கள் அன்றிரவு ஹுல்ஹுமாலேயில் அறை எடுக்க நேரும்.

பெட்டியில் வைக்கக் கூடாதவை

மது, பன்றி இறைச்சி, ஆபாசப் படங்கள், வேப் கருவிகள் ஆகியவற்றைக் கொண்டுபோகத் தடை உண்டு. விமான நிலையக் கடையில் வாங்கிய மதுப் பாட்டிலும் இதில் அடங்கும். வழிபாட்டுச் சிலைகளுக்கும் தடை. கைப்பையில் எப்போதும் ஒரு சின்னப் பிள்ளையார் வைத்திருப்பவர்கள் வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பும்போது பவளப்பாறைத் துண்டு, ஆமை ஓட்டுப் பொருள் எதையும் எடுத்துவராதீர்கள். போதைப்பொருளுக்கு அங்கே தண்டனை மிகக் கடுமை. மற்றவர் கொடுக்கும் பொட்டலத்தை வாங்கிப் போகவே வேண்டாம்.

சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீங்க

"டூரிஸ்ட்டா போயிடுங்க, அங்க போய் ஒர்க் பெர்மிட் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் உடனே உஷாராகுங்கள். சுற்றுலா விசாவில் வேலை பார்ப்பது மாலத்தீவுச் சட்டப்படி குற்றம். முறையான வேலை என்றால், நீங்கள் புறப்படும் முன்பே முதலாளி உங்கள் பெயரில் வேலை அனுமதி வாங்கியிருப்பார். சுற்றுலா விசாவில் போனவர் சம்பளம் வராவிட்டாலும் புகார் கொடுக்கப் பயப்படுவார். பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவார். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். இணையம் வழியாகப் பணம் கட்டி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

கிளம்பும் முன் ஒரு பார்வை

1. வங்கிச் செயலியில் அட்டைக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி, வரம்பும் வைத்துவிட்டீர்களா?
2. பாஸ்போர்ட், டிக்கெட், முன்பதிவு மூன்றின் நகலும் போனிலும் காகிதத்திலும் உள்ளனவா?
3. டூர் பேக்கேஜ் வாங்கியிருந்தால், பிடித்த டிசிஎஸ் தொகைக்கான ரசீது கையில் உள்ளதா? வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதை ஈடுகட்டிக்கொள்ளலாம்.
4. மே முதல் அக்டோபர் வரை அங்கே மழையும் கடல் கொந்தளிப்பும் அதிகம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும். தேதியை அதற்கேற்ப வைத்தீர்களா?
5. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் அங்குள்ள காவல்துறையில் புகார், பிறகு மாலேயில் உள்ள இந்தியத் தூதரகம். காவல்துறையின் எண் 119. போனில் பதிந்துவிட்டீர்களா?

வரிகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறும். டிக்கெட் எடுக்கும் அன்று அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். படகில் ஏறியதும் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.