கையடக்கக் கணிப்பொறி

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது பழமொழி. இதற்குக் கையடக்கக் கணிப்பொறியின் வரலாறு நல்ல சான்றாகும்.

அமெரிக்க நாட்டைச் சார்ந்த ஜெப் ஹாக்கின்ஸ் என்னும் பொறியியல் வல்லுநர், சட்டைப்பையில் அடங்கும் கணிப்பொறி ஒன்றை ஆக்க விழைந்தார். அவர் முதலில் செய்துகொண்டது பொறியன்று, ஒரு மரக்கட்டையே! செல்லுமிடமெல்லாம் அதனைப் பையில் இட்டுச் சென்றார். எவரையேனும் சந்திக்க நாள் குறிக்க நேர்ந்தால், கட்டையை எடுத்துக் குச்சியால் அதன்மீது எழுதுவதுபோல் பாவனை செய்தார். காண்போர்க்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். ஆயினும், எவை தேவை, எவை வேண்டா என்பதை அக்கட்டையே அவருக்கு உணர்த்திற்று.

அதன் பயனாக, 1996-ஆம் ஆண்டில் 'பைலட்' என்னும் கருவி வெளிவந்தது. நாட்குறிப்பு, முகவரி, செய்யவேண்டிய பணிகள், குறிப்புகள் ஆகிய நான்கிற்கும் நான்கு பொத்தான்கள் அதில் இருந்தன. இரண்டு சிறிய மின்கலங்களே பல வாரங்களுக்குப் போதுமானவையாயின. மேசைக் கணிப்பொறியோடு பிணைத்த தாங்கியில் வைத்துப் பொத்தானை அழுத்தினால், இரண்டிலும் உள்ள செய்திகள் ஒத்தமைந்தன.

எல்லாருடைய கையெழுத்தையும் படிக்க முயன்ற முந்தைய கருவிகள் பிழை பல செய்தன. ஹாக்கின்ஸோ, ஆங்கில எழுத்துகளைப் பெரும்பாலும் கோலை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதும் எளிய முறையை வகுத்தார். சிறிது பயின்றோர் பெரும்பாலும் பிழையின்றி விரைந்து எழுதினர்.

இன்று அக்கருவி வழக்கொழிந்தது. அதன் பணிகளைக் கைப்பேசி ஏற்றுக்கொண்டது. எனினும், அது புகட்டிய பாடம் அழியவில்லை. பலவற்றை அரைகுறையாகச் செய்வதினும் சிலவற்றைச் செம்மையாகச் செய்தலே சிறப்பு. மாணவர்களே, ஒன்றை ஆக்கத் தொடங்குமுன் அதன் தேவையை ஆராய்ந்து தெளியுங்கள்.