தொங்கும் பின் பம்பர்: வீட்டிலேயே சரி செய்வது எப்படி?



டிப்ளமா படிக்கிறவனுக்கு வீட்டில் ஒரு தனி மரியாதை உண்டு. மிக்ஸி ஓடவில்லையா, குழாய் ஒழுகுகிறதா, கூப்பிடு அவனை! நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது என் மாமாவும் அப்படித்தான் கூப்பிட்டார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில், மந்தைவெளியில் முழங்கால் தண்ணீருக்குள் காரை ஓட்டி வந்துவிட்டார். பின் பம்பரின் இடது மூலை இரண்டு விரற்கடை இறங்கித் தொங்கியது. "ஏண்டா, மெக்கானிக்கல்ல சேர்ந்துட்டே, இதுகூடப் பண்ண மாட்டியா?"

பண்ணினேன். இரண்டு மூலையிலும் பம்பரையும் பாடியையும் சேர்த்து ஓட்டை போட்டு, போல்ட் மாட்டி, முறுக்கோ முறுக்கென்று முறுக்கினேன். அசையவே இல்லை. மாமாவுக்கு ஒரே பெருமை. அடுத்த மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், ஒரு போல்ட்டைச் சுற்றி ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்! சில்லறைக் காசு கிளிப்பில் முடிய வேண்டியது புது பம்பரில் போய் முடிந்தது. மாமா ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தத் தப்பிலிருந்து கற்றதே இந்தக் கட்டுரை.

எது தொங்குகிறது?

அம்பாசடர், பிரிமியர் பத்மினி கார்களில் பம்பர் என்பது குரோமியம் பூசிய எஃகுத் தகடு. இரும்புக் கைகள் அதைத் தாங்கும். இன்றைய கார்களில் நாம் வெளியே பார்ப்பது வெறும் பிளாஸ்டிக் உறை. பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் கலவை. இடியைத் தாங்கும் எஃகுக் கட்டை பல கார்களில் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. தொங்குவது பெரும்பாலும் உறைதான். அதை மேல் விளிம்பில் கிளிப்புகளும், சக்கர வளைவுப் பக்கம் ஸ்க்ரூவும் பிளாஸ்டிக் பிராக்கெட்டும் பிடித்திருக்கின்றன.

ஏன் தொங்குகிறது?

தி.நகர் சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது கல்லில் ஒரு இடி, அடையாறு, சாந்தோம் பக்கம் உப்புக்காற்றில் துருப்பிடித்த ஸ்க்ரூ, மழைத் தண்ணீர். தண்ணீரில் ஓட்டினால் பின் பம்பர் முறம் மாதிரி தண்ணீரை அள்ளும். அந்த இழுப்பில் பலவீனமான மூலை முதலில் கழன்றுவிடும்.

மூலைப் பிடிப்பு போனால் அந்தப் பகுதி கான்டிலீவர். தொங்கும் பகுதி ஒரு கிலோ, அதன் எடை மையம் அடுத்த கிளிப்பிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள்: வளைவுத் திருப்புத்திறன் சுமார் 4 நியூட்டன் மீட்டர். ஸ்பீடு பிரேக்கரில் குதித்தால் இன்னும் கூடும். இன்று ஒரு கிளிப், நாளை அடுத்தது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால், ஒருநாள் ஓடும்போது கழன்று பின்னால் வரும் பைக்காரர் காலடியில் விழும்.

நான் செய்த தப்பு

எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 0.012 மி.மீ. விரியும். பாலிப்ரோப்பிலீன் சுமார் 0.1 மி.மீ. 1.5 மீட்டர் பம்பர் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் எஃகு 0.7 மி.மீ. விரியும், பிளாஸ்டிக் 6 மி.மீ.! டால்க் கலந்த பம்பரில் இது குறையும். ஆனாலும் எஃகைவிடப் பல மடங்குதான். அதனால்தான் பல இடங்களில் வட்ட ஓட்டைக்குப் பதில் நீள ஓட்டை வைக்கிறார்கள். நான் அந்த நகர்வைத் தடுத்தேன். பிளாஸ்டிக் வேறு வழியின்றி வெடித்தது. பாடத்தில் போட்ட கணக்கு, கையில் ஸ்பானர் வந்ததும் மறந்துபோச்சு!

செய்முறை

தேவை: ஸ்டார் மற்றும் தட்டை ஸ்க்ரூடிரைவர், 10-ம் நம்பர் ஸ்பானர், பெரிய வாஷர், புதிய கிளிப்புகள், ஒரு சால்டரிங் அயர்ன்.

1. சமதரையில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். மூலையைக் கையால் தூக்கிப் பாருங்கள். சரியாகப் பொருந்தினால் பிடிப்புதான் போயிருக்கிறது. பொருந்தாவிட்டால் உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது.

2. சக்கர வளைவின் ஸ்க்ரூ, அடிப்பக்கக் கிளிப்புகளைக் கழற்றுங்கள். முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள், நம்பர் பிளேட் விளக்கு, பார்க்கிங் சென்சார் ஒயர்கள் உள்ளே இருக்கலாம்.

3. பக்கவாட்டு பிராக்கெட்டைப் பாருங்கள். காது உடைந்திருந்தால் பிராக்கெட்டையே மாற்றுங்கள். பழைய கார் என்றால் புதுப்பேட்டையில் தேடலாம். பழைய பிராக்கெட்டைக் கையோடு கொண்டு போய், இடது வலது பார்த்து வாங்குங்கள்.

4. பம்பரில் ஓட்டை பெரிதாகியிருந்தால் பெரிய வாஷர் போடுங்கள். ஸ்க்ரூ இறங்கும் பிளாஸ்டிக் நட் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

5. விரிசலுக்குச் சாதாரண எபாக்ஸி பசை வேண்டாம். பாலிப்ரோப்பிலீனில் ஒட்டாமல் உரிந்து வரும். உட்புறத்தில் பி.பி. என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். விரிசல் முனையில் 3 மி.மீ. துளை போட்டால் அது மேலே ஓடாது. உட்பக்கம் மெல்லிய எஃகு வலைத்துண்டை வைத்து சால்டரிங் அயர்னால் அமிழ்த்தி, அதே வகை பிளாஸ்டிக்கை உருக்கி மூடுங்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், புகை நல்லதல்ல.

6. மாட்டும்போது நடுவில் தொடங்கி மூலைக்குப் போங்கள். டிக்கி, டெயில் லேம்ப் இடைவெளி இருபுறமும் சமமானபின் முறுக்குங்கள். வாஷர் உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். நீள ஓட்டையை அடைக்காதீர்கள்.

அவசரத்துக்குக் கட்டுக்கம்பி வேண்டாம், பிளாஸ்டிக்கை அறுக்கும். கேபிள் டை போதும், பட்டறை போய்ச் சேரும் வரைக்கும்.

எங்கே கை வைக்கக் கூடாது?

எஃகுக் கட்டை வளைந்திருந்தாலோ, டிக்கி சரியாக மூடாவிட்டாலோ, பாடித் தகடு துருவில் பொடிந்தாலோ டிங்கரிங் பட்டறைக்கே அனுப்புங்கள். "முடியலை" என்று சொல்வதில் அவமானம் ஒன்றும் இல்லை.

போன மாதம் அதே கார், இந்த முறை வலது மூலை. மாமா சாவியை நீட்டினார். ஒரு பிராக்கெட், இரண்டு கிளிப், ஒரு மணி நேரம். முடித்ததும் அவர் பம்பரை லேசாக ஆட்டிப் பார்த்து, "கொஞ்சம் ஆடுதேடா?" என்றார்.

"ஆடணும் மாமா, அதுதான் கணக்கு" என்றேன்.

நண்பர்களே, இறுக்கிக் கட்டுவது மட்டும் பொறியியல் அல்ல. எது எவ்வளவு அசைய வேண்டும் என்று தெரிந்து இடம் விடுவதும் பொறியியல்தான்.